ஏழாவது கட்டு

என் மகள் பேசிய முதல் வாக்கியம், "எனக்குச் சாம்பார் வேண்டாமுங்க, ரசம் ஊத்துங்க" என்பதுதான். அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதம். அவள் வாயால் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய தீப்பெட்டி அளவுப் பேச்சுப் பெட்டிதான் பேசியது. பேசியது பெட்டியோ பேயோ, எனக்கென்ன வந்தது? கரண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பால்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டு, இனிமேல் வீட்டில் இரண்டு வாய்க்கும் ஈடு கொடுக்க வேண்டுமே என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

என் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருஷமாகச் செக்கிங் வேலை. தைத்து வருகிற உருப்படியை விளக்குக்குக் கீழே விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பாஸ். வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்கு நிட்டிங் மில்லில் நைட் ஷிஃப்ட். காலையில் அவர் வர, நான் கிளம்ப, எங்கள் குடித்தனம் வாசற்படியிலேயே நடந்தது. ஒரே மகள், நிறைமதி.

அவளுக்கு வந்திருக்கிற நோயின் பெயர் இத்தனை வருஷம் சொல்லியும் எங்கள் சொந்தத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம். பேச்சு வராது. நடை தள்ளாடும். அவ்வப்போது வலிப்பு வரும். தூக்கம் என்று பார்த்தால் மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிது. டாக்டர் படம் வரைந்து காட்டினார். மனிதருக்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. இந்த ஒரு மரபணுவில் மட்டும், அப்பா கொடுத்தது மூளையில் எல்லோருக்குமே தூங்கிக்கொண்டுதான் இருக்குமாம். அம்மா கொடுத்ததுதான் வேலை பார்க்கும். நிறைமதிக்கு அம்மா கொடுத்தது பழுது. இதில் யார் தப்பும் இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். மாமியார் வீட்டார் காதில் 'அம்மா கொடுத்தது பழுது' என்பது மட்டும்தான் விழுந்தது. அதை வைத்து அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

இதோடு இன்னொன்றும் உண்டு. சிரிப்பு. இந்த நோய் உள்ள பிள்ளைகள் காரணத்தோடும் காரணமில்லாமலும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நிறைமதி கையிரண்டையும் தூக்கிப் படபடவென்று அடித்துக்கொண்டு, கண் இடுங்க, சத்தம்போட்டுச் சிரிப்பாள். பார்த்தவர்கள் மயங்கிப்போவார்கள். கோயிலில், பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் "உங்களுக்கென்ன, சிரிச்ச மொகத்தோட ஒரு புள்ள" என்பார்கள். எனக்கும் அந்தச் சிரிப்புதான் பிடிமானம். ஆயிரம் கஷ்டம் இருந்தாலும் குழந்தை சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இல்லாமல் என்னால் ஒரு நாள்கூட ஓடியிருக்க முடியாது.

பேச்சுப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியது பெனாசிர். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி நடத்துகிற ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண். காதுக்குப் பின்னால் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை, கழுத்தில் பெட்டி. பட்டைகள் குழந்தையின் நாடி, வியர்வை, தசை அசைவு எல்லாவற்றையும் பார்க்கும். அவள் கையை எப்படி அசைத்தாள், எங்கே பார்த்தாள் என்பதையும் அவள் முகத்தையும் பெட்டியில் உள்ள கேமரா பார்க்கும். இதையெல்லாம் சேர்த்துவைத்து, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று பெட்டி பேசும்.

"பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. நீங்கதான் சொல்லித் தரணும். பத்து பத்து செகண்டா வெட்டி உங்க போனுக்கு அனுப்பும். பார்த்துட்டு, இதுல பாப்பா என்ன சொல்றான்னு அவ சொல்ற மாதிரியே நீங்க பேசிப் பதியணும். அம்மாவைவிட யாருக்குத் தெரியும்?"

அம்மாவைவிட யாருக்குத் தெரியும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். டீ இடைவேளையில், வேனில், அடுப்படியில், எங்கே கை ஒழிந்தாலும் துண்டுகளைப் பார்த்துப் பேசிப் பதிந்தேன். டம்ளரைத் தட்டினால் "தண்ணி குடுங்க". காதைத் தேய்த்தால் "தூக்கம் வருதுங்க". சிரித்தால் "ஜம்முனு இருக்குதுங்க". கூட வேலை செய்கிற பெண்கள் சுற்றி நின்று கேட்டுச் சிரிப்பார்கள். மூன்று வருஷத்தில் பத்தொன்பதாயிரம் துண்டு.

பத்தொன்பதாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. செக்கிங்கில் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஐம்பது உருப்படி ஒரு கட்டாக வரும். மேலே உள்ள பத்தும் சுத்தமாக இருந்தால், அவசரம் நெருக்கினால், கட்டையே பாஸ் போட்டுத் தள்ளிவிடுவோம். மானேஜருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். போனிலும் அதற்கு வசதி இருந்தது. சிரிக்கிற துண்டு ஒன்றுக்குப் பதில் சொன்னதும், 'இதே மாதிரி உள்ள 240 துண்டுகளுக்கும் இதையே போடலாமா?' என்று கேட்கும். நான் சரி என்று அழுத்திவிடுவேன். சிரிப்பில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

நிறைமதிக்கு எட்டரை வயது ஆனபோது ஊசி வந்தது. தூங்குகிற அப்பா பிரதியைத் தட்டி எழுப்புகிற மருந்து. முதுகுத்தண்டில் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி. எழுந்துவிட்டால் தூக்கம் வரும், வலிப்பு குறையும், நாலு வார்த்தைகூட வரலாம் என்றார்கள். ஆராய்ச்சி என்பதால் விதிமுறை கடுமை. ஒன்பது வயது முடிவதற்குள் மூன்று ஊசியாவது ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதோடு புதுச் சட்டம் வேறு. மூளையை மாற்றுகிற எந்த வைத்தியத்துக்கும் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையையே கேட்க வேண்டும். பேச முடியாத பிள்ளையைப் பெட்டி வழியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து கேட்டது.

முதல் ஊசிக்கு என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்தார்கள். உள்ளே நிறைமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் பெட்டியின் குரல்: "ஜம்முனு இருக்குதுங்க." டாக்டர்களுக்கு ஒரே ஆச்சரியம். முதுகில் ஊசி ஏறும்போது ஜம்மென்று இருக்கிறது என்று சொன்ன பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லையாம். நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து என் கையைப் பிடித்து, தைரியசாலிப் பொண்ணு என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் நிறைமதி ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். மூச்சு இருக்கிறதா என்று நானும் அவரும் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம்.

இரண்டாவது ஊசியன்று நர்ஸ் ஒருத்தி வரவில்லை. காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து வளைத்துப் பிடித்திருந்தார்கள். என் இரண்டு கையிலும் அவள் பாதம். ஊசி இறங்கியது. அவள் சிரித்தாள். அதே சிரிப்பு, அதே சத்தம். ஆனால் என் கைக்குள் இருந்த பத்து விரலும் உள்ளே சுருண்டு இறுகின. பாதம் சில்லென்று வியர்த்தது. பாதத்திலிருந்து இடுப்புவரை ஒரு நடுக்கம். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். "ஜம்முனு இருக்குதுங்க" என்றது பெட்டி. டாக்டர் "வெரி குட்" என்றார்.

பதினான்கு வருஷம் துணியைத் தடவிப் பழுது கண்டுபிடிக்கிற கை இது. கண்ணை ஏமாற்றலாம், இந்தக் கையை ஏமாற்ற முடியாது. வெளியே வந்ததும் பெனாசிரைப் பிடித்தேன். உட்காரச் சொன்னாள், என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே கேட்டேன். அவள் தன் திரையில் நாடியைப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு.

"இது சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அவள் திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"நாடி ஓடுறது பெட்டிக்குத் தெரியாதா? வேர்த்தது தெரியாதா?"

"எல்லாம் தெரியும்க்கா. ஆனா அதுக்குப் பேரு வச்சது நீங்கதானே? இந்த மாதிரி வந்தா 'ஜம்முனு இருக்குதுங்க'ன்னு சொல்லுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அது சொல்லுது."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிரிப்பு என்று நான் மொத்தமாகப் பாஸ் போட்ட துண்டுகள் வரிசையாக ஓடின. தண்ணீர்த் தொட்டியில் குதித்துச் சிரிக்கிறாள். வாசல் கேட்டில் விரல் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். காதில் சீழ் பிடித்துக் காய்ச்சலாகக் கிடந்த நாளில் சிரிக்கிறாள். எல்லாவற்றின் கீழேயும் என் குரல். ஜம்முனு இருக்குதுங்க, ஜம்முனு இருக்குதுங்க. சீழ் பிடித்த நாளில் நானும் அவளோடு சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது.

பெனாசிர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். வீட்டார் வைத்த பெயர் தப்பு என்று குழுவுக்குத் தெரிந்தால் பெட்டியின் சம்மதம் செல்லாது என்றாள். பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, வீட்டில் இல்லாத இரண்டு பேர் ஆறு மாதம் பிள்ளையைக் கவனித்துப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டும். நிறைமதிக்கு ஒன்பது முடிய இன்னும் இரண்டரை மாதம்தான். "மூணாவது ஊசி போயிரும்க்கா. நான் எதையும் பார்க்கல. நீங்களும் எங்கிட்டக் கேக்கல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குக் காலும் கையும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கம்பெனியில் பாஸ் போட்ட கட்டைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். வீட்டில் விளக்கிய பாத்திரத்தையே விளக்கினேன். நிறைமதி சிரிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவள் கால்விரலைத் தொட்டுப் பார்த்தேன். சில சமயம் விரல் தளர்ந்திருக்கும், சில சமயம் சுருண்டிருக்கும். அவளும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று தெரியாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமைசாலி, முழுசாகக் கேட்டார். எந்தக் குழந்தைதான் ஊசிக்கு அழாது, அழுகிறது என்று ஊசி போடாமல் விட்டுவிடுகிறோமா என்று கேட்டார். ஐந்து மணி நேரம் தூங்குகிறாளே, அதைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன்.

"ஏம்புள்ள, இப்ப வாய மூடிக்க. ஆறு ஊசியும் முடியட்டும். பொறவு நீயே போய்ச் சொல்லு, பேரெல்லாம் மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள எட்டு மாசம் ஆயிருமுங்க. அந்த எட்டு மாசமும் அவ வலிக்குதுங்கறப்பெல்லாம் இந்தப் பெட்டி ஜம்முனு இருக்குதுன்னு கத்தீட்டிருக்கும். நாளைக்குப் பெரிய மனுசியாவா. எவனாவது மேல கைய வெச்சா, அப்பவும் சிரிப்பா. இது என்ன சொல்லும்?"

அவர் முகம் கறுத்துவிட்டது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, ஊசிக்குத்தான் காலம் இல்லை என்றார். அவர் சொல்வதும் நியாயம். வாயை மூடிக்கொள்கிறேன் என்று நிறைமதி தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் குழு உட்கார்ந்தது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி, பருத்திப் புடவை கட்டிய அம்மாள். நல்ல மனுஷி. நிறைமதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மூன்றாவது ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். நிறைமதி கையைப் படபடவென்று அடித்துச் சிரித்தாள். "போட்டுக்கலாமுங்க, ஜம்முனு இருக்குதுங்க" என்றது பெட்டி. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாள் பேனாவைத் திறந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் ஆசையாக, "முதுகுல இவ்ளோ பெரிய ஊசி போடுறாங்களே, உனக்கு வலிக்கவே வலிக்காதா?" என்று கேட்டார்.

பெட்டி சொன்னது: "வலின்னா என்னங்க?"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அது என் வாக்கியம். ஒருநாள் அவள் விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் ஒழுகச் சிரித்தபோது, நான் வேடிக்கைக்காகப் பதிந்தது. அன்று டீ இடைவேளையில் போட்டுக் காட்டினேன், பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். என் வாய்க்கொழுப்பு என் பிள்ளை கழுத்தில் தொங்கிக்கொண்டு, அவளுக்கு வலியே தெரியாது என்று நீதிபதியிடம் சாட்சி சொன்னது.

"அது அவ சொல்லலைங்க" என்றேன்.

அறையில் சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பின்ன யாரு சொல்றது?" என்றார் அம்மாள்.

"நாஞ் சொல்றேனுங்க. மூணு வருசமா நான்தான் பேசிட்டிருக்கறன்."

கட்டைப் பாஸ் போட்டது, சுருண்ட கால்விரல், சீழ் பிடித்த காது, கேட்டில் மாட்டிய கை, எல்லாவற்றையும் சொன்னேன். பெனாசிர் பெயரை மட்டும் சொல்லவில்லை. அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அப்படியென்றால் குழந்தைக்கு ஊசி இஷ்டமில்லை என்கிறீர்களா என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது, தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அம்மா, நான் இன்னும் எதையும் எழுதல. நீங்க சொன்னதை எழுதணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அம்மாள் எனக்கு வழி விட்டார். நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்காரரின் பிடி இன்னும் இறுகியது. நிறைமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஷூவுக்குள் விரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுதுங்க" என்றேன்.

ஒரு வாரத்தில் பெயர்களை அழித்துவிட்டார்கள். பத்தாவது நாள் நிறைமதிக்கு ஒன்பது வயது முடிந்தது. ஊசிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டதாக அன்று மத்தியானமே போனில் செய்தி வந்தது. கேக் வாங்கியிருந்தோம், வெட்டவில்லை.

மூன்று வருஷம் பேசிய பெட்டி வாய் மூடியது. நான் வைத்த பேச்சுதான் என்று தெரிந்தும் அந்தக் குரலை மனசு தேடியது. சோறு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பேன். தூக்கம் நாலு மணி ஆயிற்று, பிறகு பழையபடி மூன்று. வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டாலாவது பதிலுக்குப் போடலாம், அவர் சண்டையும் போடவில்லை. கிடைத்ததைக் கெடுத்துக்கொண்டவள் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். கெடுத்தது நான்தான், பின்னே யார்? நான் செய்தது சரி என்று எனக்கே நம்பிக்கை இல்லை. காலையில் சரி என்று தோன்றும், சாயங்காலம் வேனை விட்டு இறங்கி அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பைப் பார்த்ததும், பாவி, உன் வாயில் மண்ணைப் போட என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் பெனாசிர் வீட்டுக்கு வந்தாள். வேலையாகத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் வைத்த பெயர்தான் போயிற்றே தவிர, மூன்று வருஷத்து நாடியும் வியர்வையும் அசைவும் அப்படியே இருக்கின்றனவாம். அதை மட்டும் வைத்து மெஷினே தரம் பிரித்திருக்கிறது. ஒரே மாதிரி உள்ளதெல்லாம் ஒரு கட்டு. மொத்தம் முப்பத்தொரு கட்டு. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் வைக்க இரண்டு வெளியாட்கள் வருவார்கள். அதுவரைக்கும் பெட்டி எண்ணை மட்டும் சொல்லும் என்று அதை மறுபடி ஓடவிட்டாள்.

"நீங்க பேரு வைக்கக்கூடாதுக்கா. பார்க்கலாம், அவ்வளவுதான்."

ஊசி இரண்டும் எந்தக் கட்டில் இருக்கின்றன என்று கேட்டேன். அவள் தேடிப் பார்த்தாள். ஏழாவது கட்டு. அதில் வேறென்ன இருக்கிறது என்றேன். கேட்டில் விரல் மாட்டியது இருந்தது. காதில் சீழ் பிடித்த நாள் இருந்தது. முட்டி கிழிந்தது இருந்தது. தண்ணீர்த் தொட்டி அதில் இல்லை, அது இருபத்திரண்டில் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவள் சந்தோஷமாகவும் சிரித்திருக்கிறாள், எல்லாச் சிரிப்பும் வலி இல்லை.

பெனாசிர் மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டு பெரிய கட்டாம். ஊசி, விரல், காது எல்லாம் சேர்ந்து இருபதுக்குள்தான். மீதி எண்ணூற்றுச் சொச்சம் துண்டுகள். எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்தவை. காலை எட்டு மணி பத்து நிமிஷம். திங்கள் முதல் சனிவரை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

"அந்த நேரத்துல மாத்திரை ஏதாவது கொடுப்பீங்களா?"

மாத்திரை ஏழு மணிக்கு என்றேன். சாப்பாடா என்றாள். அது ஏழரைக்கு.

"அப்ப எட்டு பத்துக்கு வீட்ல என்னக்கா நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. நான் வேலைக்குப் போவேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எட்டு பத்துக்குக் கம்பெனி வேன் வரும். வீட்டுக்காரர் நிறைமதியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நிற்பார். நான் டாட்டா காட்டுவேன். அவள் கையைப் படபடவென்று அடித்துச் சத்தம்போட்டுச் சிரிப்பாள். உன்னைத் தொரத்தி விட்டுட்டு எப்படிச் சிரிக்கிறா பாரு என்று வேனில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறுவேன். அழுதுகொண்டு வழியனுப்புகிற பிள்ளைகள் உள்ளவர்களைப் பார்த்து, எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று பெருமை அடித்திருக்கிறேன்.

பெனாசிரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரெண்டும் ஒரே மாதிரி என்றுதான் மெஷின் சொல்கிறது, என்னவென்று அது சொல்லவில்லை, நீங்களாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஏதேதோ சமாதானம் சொன்னாள். வீட்டுக்காரர் உள்ளே கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நீ போறப்ப அவ நெஞ்சு எந் தோள்மேல தடதடன்னு அடிக்கும் புள்ள. குஷியில அடிக்குதுன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நிறைமதி நடுவில் தவழ்ந்து வந்து இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்துக்கொண்டாள். பெட்டி ஏதோ ஒரு எண்ணைச் சொன்னது. பத்தொன்பது என்று நினைக்கிறேன். அது என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஏற்றுமதி அவசரம், லீவு கேட்டால் மானேஜர் குதிப்பார். எட்டு பத்துக்கு வேன் வந்தது. டிஃபன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஜன்னலில் அவர் நிறைமதியைத் தூக்கி வைத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். கண் இடுங்கியது, கை படபடவென்று அடித்தது, தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள்.

"ஏழு" என்றது பெட்டி.

டாட்டா காட்டத் தூக்கிய கை பாதியில் நின்றது. இத்தனை வருஷம் அவளுக்குப் பதிலாக நான் பேசினேனே தவிர, அவளிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன். வேன்காரர் ஹாரன் அடித்தார். கம்பிக்குள் கையை விட்டு அவள் பாதத்தைப் பிடித்தேன். பத்து விரலும் சுருண்டு இறுகியிருந்தன.

"எனக்கும் ஏழுதான் சாமி" என்றேன்.